செடிப் புரதம் சவ்வில் எப்படி உட்கார்ந்திருக்கிறது? படிப்படியாகப் பார்க்கலாம்

தரமணியில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த முதல் வருடம், ஆறு வாரம் உழைத்துக் கட்டிய குளோன் (செடிக்குள் செலுத்தத் தயாரித்த டிஎன்ஏ) ஒன்று வேலைக்கு ஆகவில்லை. செல் சவ்வில் இருக்கவேண்டிய புரதத்தின் முன்முனையில் (வரிசையின் தொடக்கத்தில்) ஜிஎஃப்பி என்ற பச்சையாக ஒளிரும் புரதத்தை ஒட்டியிருந்தேன். நுண்ணோக்கியில் பார்த்தால், பச்சை செல்லுக்குள் எங்கும் பரவிக் கிடந்தது. புரதத்தின் அமினோ அமில வரிசையை நான் சரியாகப் படிக்கவில்லை. படிக்கும் முறை இதோ.

அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியின் பிஆர்ஐ1 புரதத்தை எடுத்துக்கொள்வோம். பிராசினோஸ்டீராய்டு ஹார்மோனை உணர்வது இதுதான். யூனிப்ராட் என்ற புரதத் தகவல் தளத்தில் ஓ22476 என்று தேடுங்கள் (முதலில் வருவது ஆங்கில எழுத்து ஓ, பூஜ்யம் இல்லை). மொத்தம் 1196 அமினோ அமிலங்கள். வரிசையை ஃபாஸ்டா வடிவில் (அமினோ அமிலங்களை எழுத்துகளாகத் தரும் கோப்பு) எடுத்து, சவ்வைக் கடக்கும் பகுதிகளைக் கணிக்கும் டீப்டிஎம்ஹெச்எம்எம் கருவியில் ஓடவிடுங்கள்.

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். சவ்வின் கொழுப்புப் பகுதி சுமார் 30 ஆங்ஸ்ட்ராம் தடிமன். ஆல்ஃபா ஹெலிக்ஸ் என்ற சுருள் வடிவத்தில் ஒரு அமினோ அமிலம் 1.5 ஆங்ஸ்ட்ராம் ஏறும். ஆக, சவ்வைக் கடக்க ஏறக்குறைய 20 வேண்டும். லூசின், வேலின் போன்ற நீர் ஒட்டாத அமினோ அமிலங்கள் அந்த நீளத்துக்குச் சேர்ந்து வந்தால், பழைய கருவிகள் பல நேரம் அதைச் சவ்வு ஹெலிக்ஸ் என்றே காட்டிவிடும். பிஆர்ஐ1-இன் தொடக்கத்திலும் அப்படி ஒரு துண்டு உண்டு. ஆனால் அது சிக்னல் பெப்டைட், அதாவது புரதம் எங்கே போகவேண்டும் என்று சொல்லும் முகவரித் துண்டு. புரதத்தை எண்டோபிளாச வலைக்குள் சேர்த்ததும் வெட்டுப்பட்டுவிடும். முழுமையான புரதத்தில் அது இருக்காது.

இப்போது விடையைப் பாருங்கள். எஸ் என்றால் சிக்னல், ஓ வெளிப்புறம், எம் சவ்வு, ஐ உட்புறம். பிஆர்ஐ1-க்கு முதலில் எஸ், பிறகு மிக நீளமான ஓ, 790-ஐத் தாண்டி ஒரே ஒரு எம், கடைசியில் ஐ. ஹார்மோனைப் பிடிக்கும் பகுதி செல்லுக்கு வெளியே, செய்தியை உள்ளே கடத்தும் கைனேஸ் பகுதி உள்ளே. எஸ் வந்தால் ஜிஎஃப்பியைப் பின்முனையில் ஒட்டுங்கள். முன்னால் ஒட்டினால் கடித உறையின் முகவரி மேல் காகிதம் ஒட்டிய கதைதான்.

புரதத்தின் வடிவத்துக்கு, அதைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு. அடர்நீலப் பகுதியை நம்பலாம், ஆரஞ்சை நம்பாதீர்கள். அதில் சவ்வு தெரியாது, எது உள்ளே எது வெளியே என்பதை மேலே கிடைத்த விடையோடு பொருத்திப் பாருங்கள்.

புரதம் செல்லில் எங்கே இருக்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்தது சூபா என்ற அராபிடாப்சிஸ் புரத இருப்பிடத் தளம். அதில் கணிப்புகளை விட்டுவிட்டுச் சோதனை முடிவுகளை மட்டும் படியுங்கள்.

ஜிஎஃப்பி படத்தில் செல்லின் ஓரம் மெல்லிய பச்சைக் கோடாகத் தெரிந்தால் உடனே சவ்வு என்று எழுதிவிடாதீர்கள். செல் சுவரும் அதே இடத்தில்தான். சமையலறையில் சிவப்பு வெங்காயத்தின் நிறமுள்ள மேல்தோலை உரித்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, கெட்டியான உப்புநீர் ஒரு சொட்டு விடுங்கள். சில நிமிடங்களில் ஊதா நிறம் சுருங்கி உள்ளே போகும், சுவர் நின்ற இடத்திலேயே நிற்கும். நிறத்தோடு சவ்வும் பின்வாங்குகிறது. உங்கள் பச்சையும் அப்படி உள்ளே நகர்ந்தால் அது சுவர் இல்லை, சவ்வாக இருக்கலாம்.

பின்சேர்க்கை: கோப்ரா என்ற செடிப் புரதத்துக்கு இரண்டு முனையிலும் ஹெலிக்ஸ் காட்டுகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். முன்னால் இருப்பது சிக்னல். பின்னால் இருக்கும் வால் வெட்டப்பட்டு, அங்கே ஜிபிஐ என்ற கொழுப்பு நங்கூரம் ஏறுகிறது. முடிவில் ஒரு ஹெலிக்ஸும் மிஞ்சாது. வால் வெட்டுப்படும் இந்த வகைக்குப் பின்முனையிலும் ஜிஎஃப்பி வேண்டாம், சிக்னலுக்கு அடுத்து உள்ளே செருகுங்கள்.