பி.ஐ.டி. சோதனைக்கு முன் பைல் தலையைக் கவனியுங்கள்

பைல் என்பது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் அஸ்திவாரத் தூண். அதன் தலையில் சிறு சுத்தியலால் தட்டி, திரும்பி வரும் அதிர்வலையைச் சென்சாரில் பதிந்து, உள்ளே குறை உண்டா என்று பார்ப்பதே பி.ஐ.டி. (Pile Integrity Test). கான்கிரீட் வார்த்து குறைந்தது 7 நாளாவது ஆகட்டும். பெண்டோனைட் (துளை சரியாமலிருக்க ஊற்றும் களிமண் கரைசல்) கலந்து பொடபொடவென்று நிற்கும் மேல்பகுதியை, கட்-ஆஃப் மட்டம் (பைல் தலை முடிய வேண்டிய உயரம்) வரை உடைத்து நீக்குங்கள். கடைசி அரையடியை உளியால் கையாலேயே எடுப்பது நல்லது. கனரக பிரேக்கர் போட்டால் தலையில் விரிசல் விழும், சிக்னல் குழம்பும். பழியோ பைலுக்கு! சென்சார் ஒட்டும் இடத்தையும் சுத்தியல் படும் இடத்தையும் கிரைண்டரால் தேய்த்து, ஈரமில்லாமல் துடையுங்கள். பைலைச் சுற்றி பிசிசி (கம்பியில்லாத கான்கிரீட்) போடுவதைச் சோதனைக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

அலைவேகம் நொடிக்கு 4,000 மீட்டர் என்றால், 20 மீட்டர் பைலின் அடியிலிருந்து எதிரொலி வர 10 மில்லிநொடி ஆகும். 3 மில்லிநொடியிலேயே, அடித்த அதே திசையில் அலை எழுந்தால், 6 மீட்டர் ஆழத்தில் பைல் குறுகியிருக்கலாம், விரிசலும் இருக்கலாம். பைல் எவ்வளவு சுமை தாங்கும் என்பதை பி.ஐ.டி. சொல்லாது; அதற்கு லோடு டெஸ்ட்தான் (சுமை ஏற்றிப் பார்க்கும் சோதனை) வேண்டும்.