இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளர் வேலைக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களைப் பழக்கிவிடுவது என் பொறுப்பு. எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த அதே தவறுகளை இவர்களும் செய்வதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். போனை அணைத்து வையுங்கள், பெயரைச் சரியாக எழுதுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மருத்துவரின் மரணச் சான்றிதழ் கைக்கு வரும் முன் நேரம் சொல்வது

இத்தனை காலம் கழித்தும் எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

துக்க வீட்டில் முதலில் வரும் கேள்வி, "எத்தனை மணிக்கு எடுக்கலாம்?" என்பது. அழுதுகொண்டிருப்பவர்களுக்கு ஏதாவது ஒன்றையாவது உறுதியாகச் சொல்லிவிட வேண்டும் என்று புதியவருக்குத் தவிப்பாக இருக்கும். "நாளைக்குப் பதினோரு மணி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுவார். நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பதினோரு மணி எல்லா உறவினர்களின் போனுக்கும் போய்விடும். தூரத்தில் இருப்பவர் விமான டிக்கெட் எடுத்துவிடுவார். அப்புறம் அதைத் திரும்பப் பெற முடியாது.

என்னிடம் பயிற்சியில் இருந்த ஒருவர் இப்படித்தான் நேரம் கொடுத்தார். இறந்தவர் வயதானவர், நெடுநாள் நோயாளி. சிக்கல் எதுவும் வராது என்று நினைத்துவிட்டார். ஆனால் சில வாரங்களுக்கு முன் பெரியவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. அதை இவர் கேட்கவே இல்லை. விழுந்ததும் மரணத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் சான்றிதழில் கையெழுத்துப் போடாமல் அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். பிரேதப் பரிசோதனை என்றாகி, உடல் கைக்கு வரத் தாமதமானது. ஒரே நாள் விடுப்பில் வந்திருந்த மகள் சடங்கில் நிற்காமலே திரும்பிப் போனார். மருத்துவர் தன் கடமையைச் செய்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த மகளுக்கு நடந்ததற்கு நாங்கள் கொடுத்த வாக்குதான் காரணம்.

நேரம் சொல்வதற்கு முன் மருத்துவச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். "டாக்டர் கொடுத்துவிடுவார்" என்று வீட்டார் சொல்வது போதாது. சமீபத்தில் விழுந்தாரா, அடிபட்டதா, அறுவைச் சிகிச்சை நடந்ததா, கடைசியாகப் பார்த்த மருத்துவர் யார் என்று நீங்களே கேளுங்கள். தகன மேடையோ கல்லறையோ, அந்த நேரத்துக்கு இடம் உண்டு என்று அங்கிருந்தே உறுதி வர வேண்டும். குடும்பத்தின் சார்பில் கையெழுத்துப் போடும் உரிமை யாருக்கு என்பதும் தெளிவாக வேண்டும். மனைவி அடக்கம் என்றும் பிள்ளைகள் தகனம் என்றும் சொன்னால், முதலில் அதைத் தீர்த்துவையுங்கள்.

சரி, அதுவரை என்ன சொல்வது? "இந்த ஒரு சான்றிதழ் இன்னும் வர வேண்டும். நாலு மணிக்கு நானே கூப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள். நாலு மணிக்குச் சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லையென்றாலும் கூப்பிடுங்கள். அது நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு.

பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்காமல் விடுவது

கேளுங்கள். இதயத் துடிப்பைச் சீராக்க உடலுக்குள் வைக்கும் மின்கலக் கருவி அது. தகன உலையின் சூட்டில் வெடிக்கும்.

அடையாளப் பட்டையை இன்னொருவர் பார்த்திருப்பார் என்று நம்புவது

உடல் கைமாறும் ஒவ்வொரு முறையும் பட்டையில் இருப்பதை நீங்களே வாசித்துச் சரிபாருங்கள். பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே நாளில் வருவது நடக்கிற காரியம். தகனம் முடிந்துவிட்டால் அப்புறம் திருத்தவே முடியாது.

ஃபார்மலின் நெடி பழகிவிட்டது என்பது

பழகுவது மூக்குதான், நுரையீரல் இல்லை. ஃபார்மலின் என்பது எம்பாமிங்குக்கு, அதாவது உடல் கெடாமல் பதப்படுத்துவதற்கு, பயன்படும் ஃபார்மால்டிஹைடு கரைசல். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. கையுறையும் கண் கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். காற்றை வெளியேற்றும் வசதி ஓடாத அறையில் எம்பாமிங் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

தனியாகத் தூக்குவது

வேண்டாம்.

சடங்கை மட்டும் பார்த்து வேலையைத் தேர்ந்தெடுப்பது

கூட்டத்தின் முன் நின்று நிதானமாக எல்லாவற்றையும் நடத்திக்கொடுக்கும் அந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிறார்கள். மற்ற நேரமெல்லாம் வண்டி ஓட்டுவது, தூக்குவது, உடலைக் கழுவித் துடைப்பது, படிவம் நிரப்புவது, போன் பேசுவது. அதில் மனம் ஒட்டுகிறதா என்று பார்க்காமல் பணம் கட்டிப் படிப்பில் சேராதீர்கள். உரிம விதி நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் படிப்பு, தேர்வு, பயிற்சிக்காலம் எல்லாம் முடிந்தால்தான் உரிமம் கிடைக்கும். இங்கிலாந்தில் உரிமம் இல்லாமலே வேலையைத் தொடங்கலாம். எங்கே இருந்தாலும் முதலில் ஒரு நிறுவனத்தில் உதவியாளராகச் சேருங்கள். சேரும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: இரவு அழைப்புக்கு யார் போகிறார்கள், தூக்குவதற்கு இரண்டாவது ஆள் எப்போதும் உண்டா, குழந்தையின் மரணத்துக்குப் போய்வந்த புதியவரை அன்று யார் கவனித்துக்கொள்கிறார்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் சேராதீர்கள்.