உண்டியலில் விழுந்த கோணல் காசு

காவடி முடிந்த மறுநாள், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் உண்டியலைக் கொட்டினால், குங்குமமும் விபூதியும் ஒட்டிய காசுகள் மலையாகக் குவியும். எண்ண உட்காரும் பிள்ளைகளில் ஒருவன், “தாத்தா, மின்ட் எரர்! ஆயிரம் ராண்டு போகும்!” என்று கூவாத வருஷம் இல்லை. மின்ட் எரர் என்றால் நாணயச்சாலையிலேயே பிழையாக அடித்த காசு. பெரும்பாலும் அது கார் ஏறிய காசு.

நாணயச்சாலையில் வெறும் வில்லையை ஒரு வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழும் இரண்டு அச்சுகளால் அழுத்துவார்கள். உலோகம் அச்சின் பள்ளத்துக்குள் பாய்ந்து எழுத்தாகும். அதற்குப் பிறகு படும் அடி, இருக்கும் எழுத்தை நசுக்கும், ஒதுக்கும். நான் தேடுவது இந்த நசுங்கலைத்தான்.

கோடு தெரிந்தால் விளக்கைச் சாய்த்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அச்சில் விரிசல் விட்டிருந்தால் காசில் கோடு மேடாக நிற்கும். கீறல் பள்ளமாக இருக்கும்.

ஓரம் கடித்தாற்போல் இருந்தால், கடிக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பாருங்கள். வில்லை வெட்டும்போதே குறைந்திருந்தால் அங்கே விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும். கடியை ஒட்டிய எழுத்துகளும் இழுபட்டிருக்கும். எல்லாம் திடமாக நின்று, வெட்டில் அரத்தின் வரிகள் தெரிந்தால், யாரோ பட்டறையில் செய்த வேலை.

ஒரு ராண்டு நிக்கல் முலாம் பூசிய செம்பு. அதில் பதிந்த மானின் தோள் மட்டும் சிவந்திருந்தால் அது தேய்மானம். முழுக்கச் சிவந்து எழுத்தும் கூர்மையாக இருந்தால் முலாம் பூசாமலே அடித்திருக்கலாம். எழுத்து மழுங்கியிருந்தால் அமிலத்தில் போட்டிருக்கிறார்கள். எடை 4 கிராமுக்கு எவ்வளவு குறைகிறது என்றும் பாருங்கள். ஆனால் எடையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள், மெல்லிய வில்லையும் உண்டு.

நானும் ஏமாந்தவன்தான். சந்தையில் ஒருவரிடம் 200 ராண்டு கொடுத்து, பின்பக்கத்தில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிப் பதிந்த ஐந்து ராண்டு காசு வாங்கினேன். முந்தின காசு அச்சில் ஒட்டிக்கொண்டு அடுத்ததில் பதிந்தால் கண்ணாடி பிம்பம் முழுசாக, தெளிவாக விழும். என்னுடையதில் அந்தப் பக்கத்துக்கே உரிய காட்டுமாட்டுப் படம் (வில்டபீஸ்ட்) அந்த எழுத்துகளுக்குக் கீழே நசுங்கிக் கிடந்தது, முன்பக்கமும் தட்டை. இரண்டு காசை இடுக்கியில் வைத்து நெருக்கியிருக்கிறார்கள். வீட்டுக்காரி இன்றும் சிரிப்பாள்.

சந்தேகக் காசு கிடைத்தால் குத்துவிளக்குக்குப் போடுவதுபோலப் புளி போட்டு விளக்காதீர்கள். உண்மையான பிழையாக இருந்தாலும் மேல்தோல் போய்விட்டால் சேகரிப்பவர் பாதி விலைகூடத் தரமாட்டார். குங்குமம் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி எடுங்கள்.