ஏடிவி எஞ்சின் பழுதானால்: வேலை பார்ப்பதா, மாற்றுவதா?

கரடுமுரடான பாதைகளில் ஓடும் நான்கு சக்கர வண்டியான ஏடிவியின் எஞ்சின் நீலப் புகை விடத் தொடங்கியதும் உரிமையாளர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். எஞ்சினைத் திறந்து பார்க்காமலேயே அதற்கு ஒரு தொகையைச் சொல்பவரிடம் வண்டியை விடாமல் இருப்பது நல்லது. பிஸ்டனும் ரிங்கும் மாற்றினால் போதுமா, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் வரை இறங்க வேண்டுமா என்பது புகையை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. வேலை பார்ப்பதா, எஞ்சினையே மாற்றுவதா என்ற முடிவோ பெரும்பாலும் அந்தக் கிராங்கைப் பொறுத்தே அமைகிறது.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த வகை எஞ்சின் என்று பாருங்கள். நம் ஊர் ரிசார்ட்டுகளிலும் பண்ணை வீடுகளிலும் ஓடும் சிறிய ஏடிவிகளில் பல, ஹோண்டா கப் அமைப்பைப் பின்பற்றிய 110 அல்லது 125 சிசி படுக்கை எஞ்சினையோ (சிலிண்டர் கிடையாக இருப்பது), ஜிஒய்6 எனப்படும் 150 சிசி ஸ்கூட்டர் வகை எஞ்சினையோ கொண்டவை. இவற்றின் முழு எஞ்சினே மலிவு என்பதால், கிராங்க் வரை பழுது இறங்கிவிட்டால் வேலை பார்ப்பது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. யமஹா கிரிஸ்லி 700 போன்ற பெரிய வண்டிகளின் கதை வேறு. சுமார் 700 சிசி கொள்ளளவு கொண்ட அந்த ஒற்றை சிலிண்டர் எஞ்சினை முழுதாக வாங்குவது பெருஞ்செலவு; ஆகவே அங்கே ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்த்த பிறகே கைவிட வேண்டும்.

எஞ்சினை இறக்குவதற்கு முன், ஆயிலைச் சுத்தமான வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் வைத்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மின்னும் துகள்கள் இருந்தால் ஒரு காந்தத்தைக் காட்டுங்கள்: ஒட்டாத வெள்ளிநிறத் துகள் பெரும்பாலும் பிஸ்டனின் அலுமினியம், ஒட்டும் துகள் பேரிங், கியர் போன்ற எஃகுப் பாகங்களிலிருந்து வந்தது. அலுமினியம் மட்டும் என்றால் எஞ்சினின் மேல்பகுதி (ஹெட், சிலிண்டர், பிஸ்டன்) வேலையோடு முடிய வாய்ப்புண்டு. எஃகுச் செதில்கள் விரலில் நெருடினால் கிராங்க் இருக்கும் கீழ்ப்பகுதியையும் திறந்தாக வேண்டும்.

அடுத்தது அழுத்தச் சோதனை. பல நான்கு ஸ்ட்ரோக் ஏடிவிகளில் வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்டில், ஸ்டார்ட் செய்வதை எளிதாக்க அழுத்தத்தைத் தளர்த்தும் அமைப்பு இருக்கும். அதனால் சாதாரண கம்ப்ரெஷன் கேஜ் நல்ல எஞ்சினிலும் குறைவாகக் காட்டி, வீணாக எஞ்சினைப் பிரிக்க வைத்துவிடும். லீக் டவுன் சோதனையே நம்பகமானது. பிஸ்டனைக் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றைச் செலுத்தி, அது எங்கே தப்பிக்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங்கும் சிலிண்டரும். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். சோதனைக் கருவி காட்டும் கசிவு 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. 30 சதவீதத்தைத் தாண்டினால் திறக்காமல் தீராது.

ஓடையில் மூழ்கி நின்ற வண்டியை மட்டும் இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அதன் ஸ்டார்ட்டர் பட்டனைத் தொடுவதற்கு முன் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால், உள்ளே நீர் நிறைந்திருக்கும்போது எஞ்சின் சுழன்றால், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது வழக்கமான உயரத்தை எட்டாமல் தாழ்ந்து நின்றால், ராடு வளைந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

ஹெட்டும் சிலிண்டரும் கழன்ற பின், சிலிண்டர் இரும்பு ஸ்லீவ் (உள் உறை) உள்ளதா, நிக்காசில் போன்ற கடினமான பூச்சு உள்ளதா என்பதைப் பொறுத்துச் செலவு வெகுவாக மாறும். இரும்பு ஸ்லீவ் என்றால் லேத் பட்டறையில் போர் செய்து (உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி), 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிதான ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம். ஜிஒய்6 போன்றவற்றுக்குப் போர் கூலியை விடப் புது சிலிண்டர் செட்டே லாபமாக அமைவதும் உண்டு. பூச்சு போட்ட சிலிண்டரில் நகத்தில் தட்டும் அளவுக்குக் கீறல் விழுந்துவிட்டால், வழக்கமான முறையில் போர் செய்து ஓவர்சைஸுக்குப் போக வழியில்லை. மறுபூச்சு, ஸ்லீவ் இறக்குவது, புதிய சிலிண்டர் என்ற மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனாலும், இவை எதற்காகவும் எஞ்சினையே மாற்ற வேண்டியதில்லை.

கனெக்டிங் ராடை மண்ணெண்ணெயில் நன்றாக அலசுங்கள். ஆயில் படிந்திருந்தால் தேய்மானம் மறைந்துபோகும். பிறகு ராடைப் பிடித்து மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. மேலும் கீழுமாக விரலுக்கு ஒரு 'டக்' தட்டுப்பட்டால், ராடு கிராங்கோடு சேரும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங் போய்விட்டது. இத்தகைய எஞ்சின்கள் பலவற்றில் கிராங்க் அழுத்திப் பொருத்தப்பட்டது. ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பிரித்து, புதிய ராடு போட்டு, டயல் கேஜ் வைத்து மி.மீ.யின் நூறில் சில பங்குக்குள் நேராக்கத் தெரிந்தவரிடம் மட்டுமே அதைக் கொடுக்க வேண்டும். சுத்தியலால் தட்டி "கண் பார்வைக்கு நேராக" வைத்துக் கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கிராங்க் பேரிங்கைத் தின்றுவிடும்.

ராடு உடைந்து, கிராங்க் உட்காரும் கூடான கிராங்க்கேஸில் ஓட்டை விழுந்திருந்தாலோ, பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து பேரிங்கின் வெளி வளையம் சுற்றியிருந்தாலோ, மாற்று எஞ்சினைத் தேடுங்கள். அலுமினியத்தை வெல்டு வைத்தால் வெப்பத்தில் கோணிக்கொள்ளும். கிராங்க்கேஸின் இரு பாதிகளும் பொதுவாக ஜோடியாகக் கடையப்பட்டவை என்பதால், வேறொன்றின் ஒரு பாதியை எடுத்துப் பொருத்துவதும் சரிவராது.

கணக்குப் போடும்போது பிஸ்டன், பேரிங், லேத் கூலி ஆகியவற்றோடு கேஸ்கெட் செட், ஆயில் சீல், டைமிங் செயின், இறக்கி ஏற்றும் கூலி, வெளிநாட்டிலிருந்து வரும் பாகமானால் சுங்க வரி என எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்தத் தொகை, சோதித்து வாங்கக்கூடிய மாற்று எஞ்சினின் விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் நான் மாற்றத்தான் சொல்வேன். திறந்த எஞ்சினில் எதிர்பாராத செலவு ஒன்றாவது வந்தே தீரும். பழைய எஞ்சின் வாங்குவதாக இருந்தால், லீக் டவுன் சோதனையை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். ஜிஒய்6 வாங்குபவர்கள் ரிவர்ஸ் கியர் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும், ஏனெனில் ஸ்கூட்டருக்கான எஞ்சினில் அது இருக்காது.

ஒரு மலைவாசஸ்தல விடுதியில் புது எஞ்சின் ஏற்றிய வண்டி, நான்கு மாதத்தில் மீண்டும் புகைந்துகொண்டு வந்தது. ஏர் ஃபில்டர் புதியதுதான். ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்தபோது, அடிப்பக்கத்தில் விரல்நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. உள்ளே விரலை விட்டு எடுத்தபோது செம்மண் ஒட்டிக்கொண்டு வந்தது. பழைய எஞ்சினைத் தேய்த்ததும் அந்தக் குழாய்தான். எஞ்சினை மாற்றியவர்கள் குழாயை அப்படியே பழைய இடத்தில் மாட்டியிருந்தார்கள்.