பொன்னனுக்குச் சாளை விசுக்கோத்து

எங்கள் ஊர் திருகோணமலையில் மான் தெருவில் நிற்கும். கோட்டைக்குள் மட்டுமல்ல, கடற்கரையிலும் பஸ் நிலையத்துப் பக்கமும் புள்ளிமான்கள் மாடு மாதிரித் திரியும். மாலையில் என் நாய் பொன்னனைக் கூட்டிக்கொண்டு டச்பே கடற்கரைப் பக்கம் நடக்கப் போனால், மானைக் கண்டதும் சங்கிலியோடு என்னையும் சேர்த்து இழுப்பான். கடை விசுக்கோத்தைக் காட்டினால் திரும்பியும் பார்க்க மாட்டான். ஒருநாள் சாளை கழுவிய கையோடு அவசரத்தில் கிளம்பிவிட்டேன். மானை விட்டுவிட்டு என் விரலை நக்கிக்கொண்டே வீடு வரைக்கும் வந்தான். நாய்க்கு நாக்கை விட மூக்குதான் பெரிசு என்று அன்றைக்குப் புரிந்தது.

நான் முப்பது வருடமாக ஓடருக்குக் கேக் அடிக்கிறவள். அவனுக்குச் சாளையில் விசுக்கோத்து சுடுவது என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். முதல் தடவை மார்கழி மாதம், வெளியே அடைமழை. பார்க்க அழகாக வந்தது. கேக் பழக்கத்தில், மெத்தென்று இருக்கும்போதே ஓவனிலிருந்து எடுத்து, சூடு ஆறுவதற்குள் டின்னில் போட்டு மூடினேன். மூன்றாம் நாள் திறந்தால் எல்லாவற்றுக்கும் வெள்ளை மயிர் முளைத்திருந்தது. அவ்வளவையும் குழி தோண்டிப் புதைத்தேன். கேக்குக்கு ஈரம் போகக் கூடாது. இதற்கு ஈரம் இருக்கவே கூடாது.

சாளை கால் கிலோ வாங்குங்கள். காலையில் இறங்கிய மீனாக இருக்கட்டும். எங்கள் சந்தையில் மீன்காரத் தம்பிக்கு விஷயம் தெரிந்துபோய், "அக்கா, நாய்க்கு விசுக்கோத்து, அப்ப எங்களுக்கு?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறான். தலை, குடல், செதில் நீக்கிக் கழுவி, அரைக் கோப்பைத் தண்ணீரோடு பிரஷர் குக்கரில் அரை மணி நேரம் அவியுங்கள். உப்புப் போட வேண்டாம். ஆறியதும் நடுமுள்ளை இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள், மாவாக வேண்டும். கொஞ்சம் குத்தினாலும் இன்னும் பத்து நிமிடம் வையுங்கள். பெரிய மீன் என்றால் முள்ளை நம்ப வேண்டாம், சதையை மட்டும் எடுங்கள். கருவாடும் ரின்மீனும் உப்பு, அவை வேண்டாம்.

அவித்த மீனை முள்ளோடு பிசைந்து, 150 கிராம் குரக்கன் மா, 100 கிராம் கோதுமை மா, ஒரு முட்டை சேருங்கள். மீன் அவித்த தண்ணீரை மேசைக்கரண்டியால் ஒவ்வொன்றாக விடுங்கள். எனக்கு இரண்டு போதும். ரொட்டி மாவை விட இறுக்கமாக இருக்க வேண்டும். சாளையிலேயே கொழுப்பு இருப்பதால் எண்ணெய் விடத் தேவையில்லை. பேக்கிங் பவுடரும் வேண்டாம், இது பொங்கி என்ன ஆகப்போகிறது? கோதுமை ஒத்துவராத நாய் என்றால் அதற்குப் பதில் அரிசிமா போடலாம், ஆனால் வெட்டும்போது உதிரும்.

கால் அங்குல மொத்தத்துக்குத் தட்டி, ஒன்றேகால் அங்குலச் சதுரமாக வெட்டினால் சுமார் 70 துண்டு வரும். எலும்பு வடிவ அச்செல்லாம் தேடி அலையாதீர்கள். பொன்னன் வடிவம் பார்க்கிற அளவுக்கு அதை வாயில் வைத்திருப்பதில்லை.

160 பாகை செல்சியஸில் அரை மணி நேரம், திருப்பிப் போட்டு இன்னும் 15 நிமிடம். கேக்காக இருந்தால் இதோடு வேலை முடிந்தது. இங்கேதான் தொடங்குகிறது. சூட்டை 100 பாகைக்குக் குறைத்து, ஓவன் கதவுக்கு நடுவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி நீராவி வெளியேற வழி விட்டு, மேலும் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு அணைத்துவிட்டு உள்ளேயே முழுக்க ஆறவிடுங்கள். ஒன்றை உடைத்தால் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். நடுவில் கொஞ்சம் நிறம் மங்கி வளைந்து கொடுத்தால் திரும்ப உள்ளே தள்ளுங்கள். ஆடி மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது வேலை சுலபம். மாரியில் இன்னும் அரை மணி நேரம் கூடுதலாக வைக்கிறேன். ஓவன் இல்லாதவர்கள் அடி மொத்தமான சட்டியில் மணல் பரப்பி, மேலே ஒரு கம்பித்தட்டு வைத்து மூடி, மிதமான நெருப்பில் சுடலாம். நேரம் கூடப் பிடிக்கும், அடிக்கடி திருப்ப வேண்டும்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள். இந்த வாசம் ஓவனில் ஒரு நாள் நிற்கும். அடுத்த நாள் யாருக்கும் பிறந்தநாள் கேக் ஓடர் எடுக்காதீர்கள், பட்டுத்தான் சொல்கிறேன்.

கேக் அடிக்கிற குசினியில் இன்னொரு ஆபத்து உண்டு. என் அலமாரியில் இருப்பதில் பாதி நாய்க்கு நஞ்சு. நத்தார் கேக்குக்கு வைத்திருக்கும் பிளம்ஸ், அதாவது உலர்ந்த திராட்சை, சிறுநீரகத்தைக் கெடுக்கும். சொக்லேட்டில் உள்ள தியோபுரோமைன் நாயின் உடம்பிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். இதயமும் நரம்பும் பாதிக்கப்படும். சாதிக்காயும் ஆகாது. சீனிக்குப் பதில் போடும் சைலிட்டோல் கொஞ்சம் போனாலே இரத்தத்தில் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். மீன் என்றதும் கை தானாகப் போகிற வெங்காயமும் உள்ளியும் சிவப்பணுக்களை உடைக்கும், அவித்தாலும் பொடியாக்கினாலும் அதே கதைதான். ஆகவே இதற்கென்று ஒரு தனிச் சட்டியும் அகப்பையும் வைத்திருக்கிறேன். ஈஸ்ட் போட்ட பச்சை மாவையும் எட்டாத இடத்தில் வையுங்கள், வயிற்றுக்குள் போய்ப் பொங்கும்.

முழுதாக ஆறிய பிறகு இறுக்கமான டின்னில் போட்டு, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வெளியே வையுங்கள். மிச்சத்தைப் பிரீஸரில் போட்டால் இரண்டு மாதம் தாராளமாக இருக்கும். மணம் மாறினாலோ ஒரு புள்ளி பூஞ்சணம் கண்டாலோ சுரண்டிக் கொடுக்க வேண்டாம், முழு டின்னையும் கொட்டிவிடுங்கள்.

ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த மாதிரித் தின்பண்டம் போகக் கூடாது. பொன்னன் 15 கிலோ, அவனுக்கு நாலு துண்டு. அதற்கு மேல் கொடுத்தால் இரவுச் சோற்றைக் குறைக்கிறேன். கணையத்தில் வருத்தம் வந்த நாய்க்கு, சாளையில் கொழுப்பு இருப்பதால், மிருக வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம். புதிதாகச் சாப்பிடும் நாய்க்கு முதல் நாள் அரைத் துண்டு போதும்.

நடக்கப் போகும்போது நாலையும் பதினாறாக உடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறேன். மானைக் கண்டு அவன் காது நிமிர்ந்த உடனே, இழுக்கத் தொடங்குவதற்கு முன், பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு துணுக்கு. பிந்தினால் வேலை செய்யாது. இப்போது பத்துத் தடவையில் எட்டுத் தடவை திரும்புகிறான். மற்ற இரண்டு தடவையும் நான் ஓடுகிறேன்.