கச்சேரிக்கோ ஏ.ஜி.ஏ. கந்தோருக்கோ போகமுன்

யாழ்ப்பாணத்தில் அரச அலுவலுக்குப் போகும் பலர் வெறுங்கையோடு திரும்புவதற்கு இரண்டே காரணம்தான். ஒன்று, பிழையான கந்தோருக்குப் போவது. மற்றது, கீழே வாங்கவேண்டிய கையெழுத்தை வாங்காமல் மேலே போவது. இரண்டையும் வீட்டில் இருந்தபடியே சரிபார்க்கலாம்.

எந்தக் கந்தோர்?

கூடிய குழப்பம் பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் இடையில்தான். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு. சோலை வரி (வீடு, காணிக்கான ஆதன வரி), கட்டட அனுமதி, குப்பை, உள்ளூர் ஒழுங்கை, தெருவிளக்கு எல்லாம் பிரதேச சபையின் வேலை. நகரத்தில் மாநகர சபை அல்லது நகர சபை. பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுப் பிரதிகள், அடையாள அட்டை, அஸ்வெசும (அரச நலன்புரிக் கொடுப்பனவு), அரச காணி அனுமதிப்பத்திரம், வாகன வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவை பிரதேச செயலகத்துக்கு உரியவை. ஊரில் இன்னும் ஏ.ஜி.ஏ. கந்தோர் என்று சொல்வது இதைத்தான்.

யாழ். மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்களும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் இருக்கின்றன. கடித விலாசத்தில் 'யாழ்ப்பாணம்' என்று எழுதுவதால் உங்கள் பிரதேச செயலகமும் யாழ்ப்பாணம் என்று எடுத்துவிடக் கூடாது. திருநெல்வேலியும் கொக்குவிலும் நல்லூர்ப் பிரதேச செயலகத்துக்குள் வருகின்றன. அரியாலையின் ஒரு பகுதியில் இருப்பவருக்குச் செயலகம் நல்லூர், சோலை வரிக்கு யாழ். மாநகர சபை. உங்கள் பிரிவு 'ஜே' எழுத்தோடு ஓர் இலக்கமாக, 'ஜே/90' என்பதுபோல, இருக்கும். அந்த இலக்கத்தைத் தெரிந்து வைத்திருங்கள். அநேகமான படிவங்களில் கேட்பார்கள்.

வட மாகாண நிர்வாகம் வேறு. பிரதம செயலாளரின் செயலகம் கண்டி வீதியில் கைதடியில் இருக்கிறது. மாகாணப் பாடசாலைகள், மாகாண வைத்தியசாலைகள், மாகாண வீதிகள் பற்றிய விடயங்கள் அந்தப் பக்கம். ஆனால் யாழ். போதனா வைத்தியசாலையும் தேசிய பாடசாலைகளும் மத்திய அரசின் கீழ் உள்ளவை. அவை பற்றிய முறைப்பாட்டைக் கைதடியில் கொடுத்தால் அங்கே தீர்வு வராது. மாகாணத் திணைக்களங்கள் எல்லாம் கைதடியிலும் இல்லை, சில நகரிலும் நல்லூரிலும் இருக்கின்றன. போகமுன் தொலைபேசியில் கேளுங்கள். எந்தத் திணைக்களம் என்றே தெரியாவிட்டால் 1919 என்ற அரச தகவல் நிலையத்துக்கு எடுத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

மாவட்டச் செயலகம், அதாவது கச்சேரி, கண்டி வீதியில் சுண்டுக்குளிப் பக்கம். நகரப் பேருந்து நிலையத்தில் சாவகச்சேரி, கொடிகாமம் போகும் பஸ் எடுத்துக் கச்சேரியடியில் இறங்கலாம். வெளிநாட்டுக்கான ஆவணங்களை உறுதிப்படுத்தும் கொன்சியூலர் அலுவலகமும், 2025 இல் திறந்த கடவுச்சீட்டுப் பிராந்திய அலுவலகமும் இதே வளாகத்தில் இருக்கின்றன. ஆளுநர் செயலகம் இருப்பது பழைய பூங்காவில், அது வேறு வாசல். (அந்தப் பூங்கா 1829 முதல் 1867 வரை இங்கே அரசாங்க அதிபராக இருந்த டைக் துரையின் தோட்டம். அலுவலுக்கு நடுவே நேரம் கிடைத்தால் அந்த மரங்களின் கீழ் போய் இருக்கலாம்.)

கையெழுத்தின் ஒழுங்கு

கிராம அலுவலர், பிரதேச செயலாளர், பிறகு தேவைப்பட்டால் மாவட்டச் செயலாளர். இந்த ஒழுங்கைக் குறுக்கே வெட்ட முடியாது. வதிவிட, நற்சான்றுப் பத்திரத்தை விதானையார், அதாவது கிராம அலுவலர், எழுதித் தருவார். அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் விழுந்தால்தான் பல இடங்களில் எடுப்பார்கள். அதற்குக் காலாவதியும் உண்டு, திகதி எழுதிய நாளில் இருந்து ஆறு மாதம். மூன்று மாதத்துக்கு முதல் எடுத்து அலுமாரியில் வைத்தால், உண்மையில் தேவைப்படும்போது பாதிக்காலம் போயிருக்கும்.

விதானையார் எல்லா நாளும் கந்தோரில் இருக்க மாட்டார், களவேலை நாட்கள் உண்டு. முதலே தொலைபேசி எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். அவர் பார்ப்பது வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதை. புதிதாகக் குடிவந்தவர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் இங்கேதான் இழுபடுவார்கள். வாடகை உடன்படிக்கை, உங்கள் பெயரில் வரும் மின்சார அல்லது தண்ணீர் பில், முந்திய பிரிவின் கிராம அலுவலர் தந்த கடிதம், இவற்றில் கிடைப்பதைக் கொண்டுபோங்கள்.

பிறப்புப் பதிவு

பிறப்பு, நடந்த இடத்தில்தான் பதியப்படும், பெற்றோரின் ஊரில் அல்ல. சாவகச்சேரிக் குடும்பத்துப் பிள்ளை யாழ். ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் பதிவு யாழ்ப்பாணத்தில் இருக்கும். சாவகச்சேரிப் பதிவேட்டை ஒரு காலை முழுக்கப் புரட்டினாலும் கிடைக்காது. 1960 இற்குப் பிந்திய பதிவுகளில் கணினியில் ஏற்றியவற்றை வேறு பிரதேச செயலகங்களிலும் எடுக்கலாம். உங்களுடையது ஏறியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

பழைய பிரதி இருந்தால், அது கிழிந்திருந்தாலும், கொண்டுபோங்கள். அதில் உள்ள பதிவு இலக்கமும் பதிவுத் திகதியும் இருந்தால் உடனே எடுத்துவிடுவார்கள். இரண்டும் தெரியாவிட்டால் பதிவேட்டைத் தேடவேண்டும். நேரமும் கட்டணமும் கூடும். போரில் அழிந்த பதிவேடுகளும் இருக்கின்றன. தேடியும் இல்லையென்றால் 'பதிவு இல்லை' என்ற முடிவை எழுத்தில் வாங்காமல் வெளியே வராதீர்கள். காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ அடுத்த படி அந்தக் கடிதத்தில் இருந்துதான் தொடங்கும்.

கையில் வந்த பிரதியைக் கருமபீடத்திலேயே நின்று எழுத்து எழுத்தாக வாசியுங்கள். பிறப்புப் பத்திரத்தில் 'றஞ்சன்', பாடசாலைச் சான்றிதழில் 'ரஞ்சன்'. ஓரிடத்தில் 'சுப்பிரமணியம்', மற்றதில் 'சுப்ரமணியம்'. இந்த ஓர் எழுத்து வித்தியாசம் கடவுச்சீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் போகும்போதுதான் தலையிடியாக வரும். இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் முடிக்கும் சத்தியக் கடதாசி சில இடங்களில் செல்லும், சில இடங்களில் செல்லாது. பதிவிலேயே பிழை என்றால் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பிப்பதுதான் நிரந்தர வழி.

அடையாள அட்டை துலைந்திருந்தால் முதலில் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, பிறகு விதானையார், பிறகு பிரதேச செயலகம். படம் ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்ரூடியோவில்தான் எடுக்கவேண்டும். அவர்கள் தரும் பற்றுச்சீட்டை விண்ணப்பத்தோடு இணையுங்கள். வாகன அனுமதிப்பத்திரத்துக்குக் காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், பழைய அனுமதிப்பத்திரம் மூன்றும் வேண்டும்.

நாளும் நேரமும்

வழக்கமான நேரம் காலை 8.30 முதல் பின்னேரம் 4.15 வரை. ஆனால் காசு வாங்கும் கருமபீடம் அதற்கு முதலே கணக்கை மூடிவிடும், ஆகவே மத்தியானத்துக்குப் பிறகு புதிதாக ஓர் அலுவலைத் தொடங்காதீர்கள். சில்லறையாகக் காசு கொண்டுபோங்கள். பௌர்ணமி விடுமுறையைக் கலண்டரில் பாருங்கள்; பலர் அதை மறந்துதான் பூட்டிய கேற்றடியில் நிற்கிறார்கள். பொதுமக்கள் தினத்தில் களவேலை உத்தியோகத்தர்களும் கந்தோரில் இருப்பார்கள், சனமும் அன்றுதான் கூட. ஒரு பிரதி எடுக்கும் வேலைக்கு மற்ற நாளில் போங்கள். உத்தியோகத்தரோடு இருந்து கதைக்கவேண்டிய காணி விடயம் என்றால் பொதுமக்கள் தினமே நல்லது.

நெடுந்தீவில் இருந்து கச்சேரிக்கு வருபவர்கள் கட்டாயம் முதல் நாளே எடுத்து, விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் இருப்பாரா என்று கேளுங்கள். குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் ஒரு மணித்தியாலம், அதற்கு மேல் பஸ். கார்த்திகை, மார்கழியில் கடல் குழம்பினால் படகே ஓடாது.

கடிதமும் கோவை இலக்கமும்

வாயால் சொன்னதற்குக் கந்தோரில் பதிவு இல்லை. கோரிக்கையை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம அலுவலர் பிரிவு, தொலைபேசி, பிறகு விடயம் ஒரு வரியில், பிறகு என்ன வேண்டும் என்பது. முன்னர் வந்த கடிதம் இருந்தால் அதன் இலக்கத்தையும் திகதியையும் மேலே குறிப்பிடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் 'பெற்றுக்கொள்ளப்பட்டது' முத்திரையும் திகதியும் வாங்குங்கள். அடையாள அட்டையின் இரு பக்கத்தையும் ஒரே தாளில் பிரதி எடுங்கள். மூலப் பத்திரத்தைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது. திரும்பும்போது கோவை (பைல்) இலக்கத்தைக் கேட்டு அதே பிரதியில் எழுதுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது பெயரைச் சொல்வதைவிட அந்த இலக்கத்தைச் சொன்னால் கோவை கெதியாக வெளியே வரும்.

கொழும்புத் திணைக்களத்தில் இருந்து சிங்களத்தில் பதில் வந்தால் தமிழில் கேட்டு எழுதுங்கள். 1988 இன் 16 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். இது சலுகை அல்ல, உங்கள் உரிமை.

முத்திரை வாங்கியும் கோவை நகரவில்லை என்றால், அதே கந்தோரின் தகவல் உத்தியோகத்தருக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதுங்கள்: இன்ன திகதியில் கொடுத்த கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, கோவை இப்போது யாரிடம் உள்ளது. 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவை அவர் தெரிவிக்கவேண்டும். அந்தக் கடிதத்துக்கும் கையில் ஒரு முத்திரைப் பிரதி இருக்கட்டும்.