பூனைக்குப் பச்சைக்கறி: ஒரு கிலோ கணக்கும் ஒரு முட்டைத்தோடும்

எங்கள் குஞ்ஞு ஐந்து மாதக் குட்டியாக இருந்தபோது அடுக்களைத் திண்டில் ஏறுவதை நிறுத்திவிட்டது. முன்னங்காலைத் தூக்கி வைக்கும், கத்தும், இறங்கிவிடும். எங்கேயோ விழுந்திருக்கும் என்று நினைத்தேன். எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் புகை போல மங்கிக் கிடந்தது. "என்ன கொடுக்கிறீங்க?" என்றார் டாக்டர். "நல்ல கோழிக்கறி டாக்டர், எலும்பே இல்லாம" என்று பெருமையாகச் சொன்னேன்.

வினையே அந்த எலும்பில்தான். வெறும் கறியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் பேருக்குத்தான். பற்றாக்குறையைச் சமாளிக்க உடம்பு தன் எலும்பையே கரைத்து எடுக்கும். எலியை எலும்போடு தின்னும் பூனைக்கு இந்தப் பிரச்சினை வராது. குஞ்ஞுவுக்கு நேர்ந்தது இதுதான். அதனால் ஒரு வயதுக்குக் கீழே உள்ள குட்டிகளுக்கு இந்தச் செய்முறை வேண்டாம். வளர்ந்த பூனைக்கும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரு கிலோவுக்கு: எலும்பெடுத்த பிராய்லர் தொடைக்கறி 750 கிராம், கோழி இதயம் 200, ஈரல் 50. நெஞ்சுக்கறி எனக்குப் பிடிக்காது. டாரின் சத்து தொடையில்தான் கூடுதல். இதயம் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் கிடைக்காத நாளில் பாறசாலைக்குப் போய், "சேட்டா, ஹார்ட் மட்டும் எடுத்து வைங்க" என்று முந்தின நாளே சொல்லிவிடுவேன். ஈரலைப் பூனை கேட்கிறதே என்று கூட்டாதீர்கள். வைட்டமின் ஏ சேர்ந்து சேர்ந்து கழுத்து எலும்பு ஒட்டிப் போகும்.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் போதும். மிக்ஸி கறியைச் சூடாக்கிக் களியாக்கிவிடுகிறது. எலும்பைப் போட்டால் பிளேடுதான் போகும். விரல் நகம் அளவுத் துண்டுகளாக இருந்தால் பூனை கடித்துத் தின்னும்.

இப்போது முட்டைத்தோடு. நான் சறுக்கிய இடம் என்பதால் நிதானமாகவே சொல்கிறேன். தோடுகளைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, உள்தோலை உரித்து, ஈரம் சுத்தமாகப் போகும்வரை வெயிலில் காயவையுங்கள். மிக்ஸியின் சின்ன ஜாரில் அரையுங்கள். மூடியை உடனே திறக்காதீர்கள், தூசி மூக்கில் ஏறும். முதல் தடவை ரவைப் பதத்திலேயே நிறுத்திவிட்டேன். குஞ்ஞு கறியை மட்டும் நக்கித் தின்றுவிட்டுத் தோட்டுப் பொடியைத் தட்டில் அப்படியே விட்டுவிட்டது. கால்சியம் போட்டோம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அதன் வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை. மெல்லிய துணியில் சலியுங்கள். விரலிடையில் தேய்த்தால் முகப்பவுடர் போல இருக்கவேண்டும். ஒரு கிலோவுக்கு 6 கிராம், சுமார் ஒரு தோடு. கண்ணளவு வேண்டாம், கிராம் காட்டும் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த வேலைக்கு நான் செலவழித்ததில் உருப்படியானது அதுதான். கடையில் எலும்போடு அரைத்த கறி கிடைத்தால் தோட்டுப் பொடி சேர்க்கக் கூடாது.

அப்புறம் இரண்டு முட்டையின் மஞ்சள் கரு, டாரின் பொடி 2 கிராம், வைட்டமின் ஈ 200 யூனிட் கேப்ஸ்யூல் ஒன்று, பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை ஒன்று, 1000 மில்லிகிராம் மீன் எண்ணெய்க் கேப்ஸ்யூல் இரண்டு, கால் டீஸ்பூன் அயோடின் உப்பு, ஒரு டம்ளர் தண்ணீர். மருந்துக்கடையில் மீன் எண்ணெய் கேட்டால் மீன் ஈரல் எண்ணெயை எடுத்து நீட்டுவார்கள். அது வேறு, அதிலும் வைட்டமின் ஏ இருக்கிறது. டாரின் குறைந்தால் பூனையின் இதயம் வீங்கிப் பலவீனமாகும் என்பதை 1987-இல் பால் பியான் குழுவினர் கலிஃபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள். வெங்காயம், பூண்டு துளியும் ஆகாது.

கலந்ததை ஒரு வேளைக்கு ஒரு டப்பியாகப் பிரித்து, மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே ஒரு வாரமாவது உறையவையுங்கள். ஒட்டுண்ணிகள் சாகும், வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமி சாகாது. கையையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டில் பச்சையாகக் கொடுக்கவே வேண்டாம், வேகவைத்து அந்தத் தண்ணீரோடு கொடுங்கள். டாரின் தண்ணீரில் இறங்கிவிடும், கொட்டிவிடக் கூடாது.

நான்கு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 120 கிராம் அளவில் வரும். நான் காலையில் மட்டும் இதைக் கொடுக்கிறேன். இரவில் கடையில் வாங்கும் முழுச்சத்து டின் உணவு, ஏனென்றால் வைட்டமின் டி-யும் துத்தநாகமும் இந்தக் கலவையில் போதாது. பழைய சாப்பாட்டில் ஒரு ஸ்பூனாகத் தொடங்கிப் பத்து நாளில் கூட்டுங்கள். "பசித்தால் தானாகத் தின்னும்" என்று எங்கள் மாமி சொல்வார். பூனையிடம் அது செல்லாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறிவிடும்.

பின்னர் சேர்த்தது:

சாளை மீனை (மத்தி) பச்சையாகப் போடலாமா என்று பலர் கேட்டீர்கள். கொல்லங்கோட்டு மீன்காரம்மா தலைச்சுமையோடு வாசலில் நிற்கும்போது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பச்சைச் சாளையில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. தினமும் தின்றால் பூனை தள்ளாடும், தலை கீழே தொங்கும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். வாரத்துக்கு ஒன்று, முள் எடுத்து, போதும்.

வெற்றிலைச் சுண்ணாம்பும் கால்சியம்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐயா, வேண்டாம். வாயும் வயிறும் வெந்துபோகும்.

ஆலப்புழைப் பக்கம் பறவைக்காய்ச்சல் என்று செய்தி வந்து, களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் வண்டிகளுக்கு மருந்தடிக்கத் தொடங்கினால் அன்றே பச்சைக்கறியை நிறுத்திவிடுவேன். உறைய வைத்தால் அந்தக் கிருமி சாகாது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகனில் உறையவைத்த பச்சை வான்கோழி உணவைத் தின்ற பூனை ஒன்று அதனால்தான் இறந்தது. ஃப்ரீசரில் இருப்பதையும் வேகவைத்துவிடுங்கள்.

கரண்டு போய்ப் போய் வருகிற வீடு என்றால், ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விடுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாணயம் அடியில் கிடந்தால் கறியெல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். போன மாதம் இரண்டு கிலோவைத் தென்னைமூட்டில் புதைத்தேன்.